காலத்தை எதிர்த்துப் பறந்த ஊர்தி

காலப் பயணம் என்றதும் எச்.ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரின் பெயரே பலருக்கும் நினைவில் எழும். அவருடைய 'கால இயந்திரம்' 1895ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 1887இல், அத்தகைய ஊர்தியொன்றைப் பற்றிய ஸ்பானிய நாவல் பார்சிலோனாவில் அச்சேறிவிட்டது. அதன் பெயர் 'எல் அனக்ரோனோபெத்தே'. காலத்திற்கு எதிராகப் பறப்பது என்று பொருள்பட, கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆசிரியரே புனைந்த பெயர் அது.

ஆசிரியர் என்ரிக்கே காஸ்பர் 1842இல் மத்ரீதில் பிறந்தவர், நாடகாசிரியர், ஸ்பெயின் நாட்டுத் தூதரக அதிகாரியாகச் சீனத்திலும் பணியாற்றியவர், 1902இல் பிரான்சில் மறைந்தார். இக்கதையையும் அவர் முதலில் இசை நாடகமாகவே எழுதினார். அந்த மேடைப் பழக்கம் நாவலிலும் தெரிகிறது.

ஸரகோஸா நகரத்து அறிஞர் தோன் சிந்துல்ஃபோ, பூமியின் சுழற்சிக்கு எதிராக விரைந்து பறந்தால் கழிந்த நாட்களை மீட்கலாம் எனக் கருதி, மின்சாரத்தால் இயங்கும் பெரும் ஊர்தியொன்றைச் செய்கிறார். பின்னோக்கிச் செல்வோர் இளமையடைந்து, குழந்தையாகி, இறுதியில் இல்லாமலே போய்விடுவார்களே! அதைத் தடுக்கவும் ஒரு திரவம் கண்டுபிடிக்கிறார். கற்பனைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை ஆசிரியர் உணர்ந்திருக்கிறார், இது பாராட்டத்தக்கது. முடிவில் அனைத்தும் நாடகக் கொட்டகையில் உறங்கியவரின் கனவு என்று முடித்திருப்பதே நமக்கு ஏமாற்றமளிக்கிறது.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஊர்தி 1492ஆம் ஆண்டின் கர்நாத்தாவில், அதாவது கிரனடாவில், இறங்குகிறது. அவ்வாண்டு ஜனவரி 2ஆம் நாள், ஹிஜ்ரி 897இல், அபூ அப்துல்லாஹ் அந்நகரை ஒப்படைத்தார். 711இல் தொடங்கிய ஒரு நீண்ட வரலாறு அன்று முடிந்தது. ஆனால் கதை மாந்தரோ, கொலம்பஸின் சொல்லுக்குச் செவிசாய்க்குமாறு இராணி இசபெல்லாவுக்கு ஆலோசனை கூறிவிட்டு அப்பால் செல்கின்றனர். வெல்ஸ் தம் இயந்திரத்தைக் கொண்டு, உழைப்போரும் சுகிப்போருமாகப் பிளவுண்ட மனித குலத்தின் கதி என்ன என்று வினவினார். காஸ்பரோ அரியதொரு வாகனத்தைச் செய்தும், தம் நாட்டார் பலமுறை கண்ட காட்சியையே மீண்டும் கண்டு திரும்பினார்.

ஆயினும், கால ஊர்தியை நாவலில் முதலில் செலுத்தியவர் என்னும் சிறப்பை அவருக்கு மறுப்பது நீதியாகாது. 2012இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. நம் இளைஞர்கள் அதைப் படிக்கட்டும். படிக்கும்போது, கர்நாத்தாவில் ஊர்தி நிற்கும் அந்தச் சிறு பொழுதில், ஆசிரியர் பாராத பக்கத்தையும் சற்றே திரும்பிப் பார்க்கட்டும்.