மாணவனின் ஆர்வங்கள் வீண்தானா?

"படிக்கிற பையன் பாட்டும் சினிமாவுமாகத் திரிகிறானே!" என்று வருந்தாத பெற்றோர் அரியர். கதை நூல், இசை, திரைப்படம் ஆகிய மூன்றையும் கல்வியின் பகையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வெண்ணம் சரிதானா? ஒரு மாணவரின் இளமையையும், அவர் பின்னாளில் படைத்த திரைப்படத்தின் ஒரு காட்சியையும் முன்வைத்துச் சிந்திப்போம்.

அம்மாணவர் சத்யஜித் ரே. 1921இல் கல்கத்தாவில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே பேத்தோவனின் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்தவர். திரைப்படத்தின் மீதும் அவருக்குத் தீராத வேட்கை இருந்தது. பிரசிடென்சி கல்லூரியில் படிப்பை முடித்தபின், தாயின் விருப்பத்திற்கு இணங்கி 1940இல் சாந்திநிகேதனுக்கு ஓவியம் கற்கச் சென்றார். அங்கும் நூலகத்தில் திரைக்கலை நூல்களைத் தேடிப் படித்தார். மேலை இசையில் தோய்ந்தார். 1942இல் ஓவியப் படிப்பை நிறைவு செய்யாமலே ஊர் திரும்பினார். நம் வீட்டுக் கணக்கின்படி, உருப்படாத பிள்ளை!

ஆனால், நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகிய ஆசிரியர்களிடம் அவர் பெற்றது வெறும் தூரிகைப் பயிற்சி அன்று. பொறுமையாகப் பார்க்கும் பழக்கம். பார்வையை இழந்த பின்னும் படைத்துக்கொண்டிருந்த வினோத் பிஹாரியைப் பற்றி 1972இல் அவர் எடுத்த ஆவணப்படத்தின் பெயரே 'அகக்கண்' என்று பொருள்படும். தம் ஆசிரியருக்கு ஒரு மாணவர் செலுத்திய நன்றிக்கடன் அது.

பின்னர் விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிய காலத்தில், விபூதிபூஷண் வந்தோபாத்யாயவின் 'பாதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்கு ரே படம் வரைந்தார். அக்கதையே 1955இல் அவரது முதல் திரைப்படமாயிற்று. அதில் ஒரு காட்சி. நெடுநாள் வெளியூரில் அலைந்த தந்தை ஹரிஹர், மகள் துர்கா இறந்ததை அறியாமல் வீடு திரும்புகிறார். அவளுக்கென வாங்கி வந்த புடவையை மனைவியிடம் நீட்டுகிறார். அதுவரை அடக்கிவைத்திருந்த துயரம் அத்தாயிடம் உடைகிறது, அவள் கதறுகிறாள். ஆயினும் அவளது குரல் நமக்குக் கேட்பதில்லை. தார் ஷெனாயின் உச்ச ஒலி மட்டுமே அவ்விடத்தை நிரப்புகிறது.

இங்கே இலக்கியம் ஒரு குடும்பத்தின் துயரத்தைத் தந்தது. ஓவியக் கண் அதைச் சிதறாமல் சட்டத்துள் நிறுத்தியது. நாடகமாகத் தாழ்ந்திருக்கக்கூடிய ஓர் அழுகையை ரவிசங்கரின் இசை எல்லாத் தாய்மாரின் அழுகையாக உயர்த்தியது. மாணவப் பருவத்தில் தனித்தனியே ஓடிய ஆர்வங்கள் ஒரு தாயின் முகத்தில் வந்து சங்கமித்தன. இதுவே இப்படத்தின் உயிர்நாடி என்பேன்.

எனவே, பாட்டும் படமும் பிடித்த பிள்ளைகளெல்லாம் ரே ஆகிவிடுவார்கள் என்று கூறலாமா? கூடாது. பாட்டனார் உபேந்திரகிஷோரும் தந்தையார் சுகுமாரும் எழுத்தாளர்களாய் விளங்கிய குடும்பம் அவருடையது. அவ்வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டுவதில்லை. மேலும், ஆயிரம் பாடல்களை மனப்பாடமாக ஒப்பிப்பதும் நடிகர்களின் பெயர்களை அடுக்குவதும் ஆர்வம் ஆகா. அவை வெறும் சேமிப்பு. ரேயும் சேமித்தவர்தாம். ஆனால், படத்திற்குப் பணம் தட்டுப்பட்டபோது, தாம் ஆசையாய்ச் சேர்த்த இசைத்தட்டுகளையும் கலை நூல்களையும் விற்றார். மனைவியாரின் நகைகளும் அடகுக்குப் போயின. நேசித்ததை உயர்ந்த ஒன்றுக்காக இழக்கத் துணியும்போதுதான் ஆர்வம் முதிர்ச்சி அடைகிறது.

பெற்றோரே, ஆசிரியர்களே! "இதனால் என்ன மதிப்பெண் கிடைக்கும்?" என்று கேட்கும் முன், "இதில் நீ யாரைக் கண்டாய்?" என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். நாவலிலோ இசையிலோ திரையிலோ அடுத்தவரின் துயரத்தைக் காணக் கற்றவன் பொழுதை வீணாக்கியவன் அல்லன். அக்கேள்விக்கு அவனிடம் விடையில்லையெனில் கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு மாலைப் பொழுது அவனருகில் அமர்ந்து, அவன் கேட்பதை நாமும் கேட்போமா?