இலண்டன் புகையும் ஈவ்லின் நூலும்

நகரத்துக் காற்று கெடுவதைப் பற்றி எழுந்த மிகப் பழைய நூல்களுள் ஒன்று, 1661-ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான ‘ஃபியூமிஃபூஜியம்’. ஜான் ஈவ்லின் எழுதி மன்னர் இரண்டாம் சார்லசுக்குப் படைத்த சிறு நூல் அது. சுற்றுச்சூழல் பற்றி எழுதுவோர் இன்றும் அதனை முன்னோடி நூல் என்று போற்றுகின்றனர். போற்றட்டும். ஆனால் இயற்பியல் பயிலும் மாணவர் அதோடு நின்றுவிடலாகாது. அந்நூலின் கணக்கில் பாதி சரி, மறுபாதி விடுபட்டுள்ளது.

முதலில் சரியான பாதியைப் பார்ப்போம். நியூகாசிலிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியே இலண்டனின் காற்றைக் கெடுக்கிறது என்கிறார் ஈவ்லின். அதற்கு அவர் தரும் சான்று அருமையானது. உள்நாட்டுப் போரில் நியூகாசில் முற்றுகைக்கு உள்ளாகி, நிலக்கரி வரத்துக் குன்றியபோது, இலண்டனின் நடுவிலிருந்த தோட்டங்களில்கூடப் பழங்கள் ஏராளமாக விளைந்தனவாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணியை மட்டும் நீக்கி விளைவைப் பார்க்கிறோம் அல்லவா? அந்தச் சோதனையைப் போர் நடத்திக் கொடுத்தது. அதைச் சோதனையாகக் கண்டுகொண்ட கூர்மை ஈவ்லினுடையது.

இனிக் குறைக்கு வருவோம். நகரின் இருப்பிடத்தை அவர் வாயாரப் புகழ்கிறார். ஆற்றின் வடகரையில் மெல்லச் சரியும் மேட்டு நிலம் அது. தாழ்ந்த பகுதிகளில் எழும் ஆவியைக் கதிரவன் ஈர்த்துக் கலைத்துவிடும் என்பது அவர் வாதம். ஆகவே இடத்தின்மீது பழியில்லை, பழியெல்லாம் புகைபோக்கிகளின்மீதே.

எந்த மாதத்துக் கதிரவன் என்று நாம் கேட்க வேண்டும். இலண்டன் ஏறத்தாழ 51½ பாகை வட அட்சத்தில் உள்ளது. ஜூன் இறுதியில் அங்கு நண்பகல் கதிரவன் 62 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பர் இறுதியில் 15 பாகைதான். (சென்னையில் டிசம்பரிலும் 53 பாகைக்குக் குறைவதில்லை, அதனால் நமக்கு இவ்வேறுபாடு எளிதில் உறைப்பதில்லை.) சைன் அட்டவணையைப் பாருங்கள். ஜூன் நண்பகலில் தரை பெறும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட டிசம்பர் நண்பகலில் கிடைக்காது. பகற்பொழுதோ எட்டு மணி நேரத்துக்கும் குறைவு.

வழக்கமாக, மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 பாகை செல்சியஸ். தரையருகே சூடான காற்று மேலெழும்போது புகையும் அதனுடன் போய்விடும். மேகமும் காற்றோட்டமும் இல்லாத நீண்ட குளிர்கால இரவில் நிலைமை வேறு. தரை தன் வெப்பத்தைக் கதிர்வீசி இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப்போக, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்கிறது. இதுவே வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம். தேம்ஸ் ஆற்றின் தாழ்நிலத்துக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகள். தெற்கே நார்த் டவுன்ஸ் குன்றுகள். சரிவில் இறங்கும் குளிர்காற்றும் தாழ்நிலத்தில்தான் தேங்கும். புகை கலந்து பரவ 1000 மீட்டர் உயரம் இருந்த இடத்தில் 100 மீட்டரே கிடைத்தால் என்னவாகும்? ஒரு பிடி கரிகூடக் கூடுதலாக எரிக்காமலே புகையின் செறிவு பத்து மடங்காகும்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனில் நிகழ்ந்தது இதுவே. உயர் அழுத்த மண்டலம் ஒன்று நகர்மீது நின்றது, காற்று ஓய்ந்தது. குளிரால் மக்கள் கரியைச் சற்று அதிகம் எரித்தனர் என்பதும் உண்மைதான். ஆயினும் நகரின் அடுப்புகளும் ஆலைகளும் முந்தைய வாரம் இருந்தவையே. ஏறத்தாழ 4000 பேர் மாண்டதாக அப்போது கணக்கிட்டனர். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை மதிப்பிடுகின்றன.

வீட்டு அடுப்பின் புகை பொருட்படுத்தத் தக்கதன்று; மது வடிப்போர், சாயத்தொழிலாளர், சுண்ணாம்பு சுடுவோர், சவர்க்காரம் காய்ச்சுவோர் ஆகியோரே குற்றவாளிகள் என்றும் ஈவ்லின் எழுதினார். இதற்கு அவர் புலன்களையே நீதிபதியாக்கினார். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த புகைபோக்கி மாட்டிக்கொண்டது! 1952-இலோ, தாழ்ந்த கூரைகளிலிருந்து வந்த வீட்டுப் புகைதான் மூடிக்கு அடியில் முதலில் சிக்கிற்று. 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் வீட்டுக் கணப்புகளையும் கட்டுப்படுத்த நேர்ந்தது.

அத்தொழில்களை ஆற்றின் கீழ்ப்போக்கில் ஐந்தாறு மைல் தள்ளி வைக்கச் சொன்னார் ஈவ்லின். இந்த மருந்து நமக்கும் புதிதன்று. 1996-இல் உச்ச நீதிமன்றம் 168 அபாயகரமான ஆலைகளை டெல்லியை விட்டு வெளியேற்ற ஆணையிட்டது. தேவையான ஆணை அது. ஆனாலும் மழைக்காலத்தில் ஓரளவு தெளியும் டெல்லிக் காற்று, நவம்பர் வந்ததும் திணறுகிறது. வடக்கே இமயம், சுற்றிலும் கங்கைச் சமவெளி, வலுவிழந்த காற்று. வாகனப் புகையோடு அண்டை மாநில வயல்களில் எரியும் வைக்கோல் தாளின் புகையும் சேர்கிறது. நகர எல்லைக்கு வெளியே நிற்கும் ஆலையும் அதே மூடியின் கீழ்தான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் ஆலைகளின் இடத்தைப் பற்றி மட்டும் வாதிடுவோர், ஈவ்லினின் பக்கத்தையே மறுபடி எழுதுகின்றனர்.

நூலின் மூன்றாம் பகுதி இனிமையானது, ஆனால் பயன் குறைவு. நகரைச் சுற்றி நறுமணச் செடிகளை வேலியாக வளர்த்தால் தென்றல் மணத்தை உள்ளே கொண்டுவரும் என்கிறார். புகை மிகுந்து உயிர் வாங்கும் அந்த டிசம்பர் நாட்களில், மணத்தைச் சுமந்துவரக் காற்று எங்கே?