தேர்தலும் தெரிவித்தலும்

'தேர்தல்' என்னும் சொல் இக்காலத்தில் வாக்களிப்பையே குறிக்கின்றது. அதன் பழம்பொருள் ஆராய்தல் என்பதாகும். நடந்தது யாது, செய்தவர் யாவர், சான்று எது என்று ஆராய்ந்து தெளிதலே தேர்தல். அவ்வாறு தெளிந்ததை உரியவர்க்கு உரைத்தல் தெரிவித்தல். குற்றம் நிகழ்ந்த ஊரில் காவலரின் கடமை இவ்விரண்டும் சேர்ந்ததே. சிலப்பதிகாரத்தை இவ்விரு சொற்களைக் கொண்டு அணுகினால், மதுரையில் நேர்ந்த பிழையும் தெளிவாகும். கெடா மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழர் அக்காப்பியத்திலிருந்து கற்க வேண்டிய பாடமும் விளங்கும்.

கொலைக்களக் காதையைப் பள்ளிகளில் கற்பிப்போர் பெரும்பாலும் ஊழ்வினையிலேயே நின்றுவிடுகின்றனர். முற்பிறப்பின் வினை வந்து ஊட்டியது, கோவலன் மாண்டான் என்று கூறிப் பாடத்தை முடிக்கின்றனர். ஊழ் காப்பியத்தின் மூன்று உண்மைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. எனினும் அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பதும் அம்மூன்றனுள் ஒன்றன்றோ? ஊழ் மட்டுமே காரணமெனின், கொலைக்கு முன் நிகழ்ந்தவற்றை இளங்கோவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இத்துணை நுணுக்கமாக அடுக்கியிருக்க வேண்டியதில்லை. புலவர் ஒரு விசாரணையின் படிகளைக் காட்டுகின்றார். ஒவ்வொரு படியிலும் ஒரு தவறு நேர்கின்றது.

முதற்படி, முறையீடு. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கள்வனைக் கண்டதாகச் செய்தி கொணர்கின்றான். அவன் யார், அவனுக்கு இதில் என்ன நலன் என்று கேட்பார் இல்லை. இரண்டாம் படி, ஆணை. ஊடல்கொண்ட தேவியை நாடி விரையும் மன்னன் நடந்தபடியே காவலரை அழைத்து ஆணையிடுகின்றான். தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் என்னும் நிபந்தனை அவ்வாணையில் இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆராய வேண்டும் என்னும் கருத்து மன்னன் சொல்லிலேயே அடங்கியிருந்தது. ஆயினும் ஆராயும் பொறுப்பு யாரிடம் சென்றது? பொற்கொல்லனிடமே சென்றது. சிலம்பின் வேலைப்பாட்டை ஒப்பிட்டு, இஃது அதுவே என்று சான்று கூறியவனும் அவனே. முறையிட்டவனும் சான்றாளனும் குற்றவாளியும் ஒருவனாக நின்ற விசாரணை அது.

மூன்றாம் படி, காவலரின் ஐயம். கோவலன் முகத்தைக் கண்டு, இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்று அவர்கள் தயங்கினர். கேட்க வேண்டிய வினா அவ்விடத்தில் ஒன்றே: சிலம்பின் உள்ளே இருப்பது யாது? அதை விடுத்துப் பொற்கொல்லன் கள்வரின் இயல்பு பற்றி விரிவுரை ஆற்றுகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகளைக் கள்வர்க்கு அடுக்குகின்றான். காவலருள் ஒருவன் தன் வாளைப் பற்றிய பழைய கள்வன் ஒருவனின் கதையைச் சொல்கின்றான். கள்வரைப் பற்றிய பொதுப்பேச்சு பெருகப் பெருக, எதிரே நின்ற மனிதன் மறைந்துபோகின்றான். கல்வியறிவில்லாக் குடிவெறியன் ஒருவன் வாளை வீச, யாவும் முடிகின்றன. கோவலனிடம் எவரும் ஒரு சொல்லும் வினவவில்லை.

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் இதற்கு மருந்து கூறியுள்ளார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒன்றானாலே அதனைத் தெளிய வேண்டும் என்பது அவர் கருத்து. இக்காலப் புலனாய்வு நூல்கள் வற்புறுத்தும் ஒத்த சான்று என்னும் நெறியும் இதுவே. மதுரையில் ஒருவன் சொல் மட்டுமே இருந்தது. அவனும் கள்வன்.

இனித் தெரிவித்தலைக் காண்க. கணவன் வெட்டுண்ட செய்தி கண்ணகிக்கு அரண்மனையிலிருந்து வரவில்லை. நகருக்குள் சென்று ஊரார் பேச்சைக் கேட்டு ஓடிவந்த ஆய்ச்சியொருத்தி சொல்லவும் மாட்டாது நிற்கின்றாள். கண்ணகி வற்புறுத்திய பின்பே, அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த கள்வன் என்று கொன்றனராம் என்னும் செய்தி வெளிப்படுகின்றது. செய்தியும் பழியும் தீர்ப்பும் ஒன்றாய்க் கலந்து வதந்தியாக வந்தன. கேட்டறிய ஓர் அலுவலகம் இல்லாமையால் கண்ணகி கதிரவனை நோக்கி, என் கணவன் கள்வனோ என்று வினவ நேர்ந்தது. வானத்தைக் கேட்கும் நிலைக்கு ஒரு குடிமகளைத் தள்ளியதே அவ்வாட்சியின் இரண்டாம் குற்றம்.

எனினும் பாண்டியனுக்கு உரிய பெருமையை மறைத்தல் முறையன்று. வாயில் காவலன் செய்தி சொன்ன உடனே அவளை உள்ளே விடச் செய்தான். அவள் யாரென்று வினவினான். சிலம்பைக் கொணர்வித்து அவள் முன் வைத்தான். முத்தா மாணிக்கமா என்னும் ஐயம் சில நொடிகளில் தீர்ந்தது. தன் பிழையைத் தானே உணர்ந்து உயிர்விட்டான். வழக்குரை காதையில் நிகழ்ந்த இந்த எளிய ஆய்வு கொலைக்களக் காதையிலேயே நிகழ்ந்திருக்கலாம் அன்றோ? இரு காதைகளுக்கும் இடைப்பட்ட தொலைவே காப்பியத்தின் துயரம்.

இத்துயரம் கெடாத் தமிழர்க்குப் புதிதன்று. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை எதிர்த்து அது தொழிலாளரைத் திரட்டியது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காவலர்க்கும் தொழிலாளர்க்கும் மோதல்கள் மூண்டன, உயிர்கள் போயின, தொழிலாளர் சிறை சென்றனர். அந்நிகழ்ச்சிகளைப் பற்றிய ஆவணங்களில் பெரும்பகுதி ஆட்சியாளர், தோட்ட நிருவாகத்தார் ஆகியோரின் மொழியில் உள்ளது. தொழிலாளர் கூற்றோ லயத்துத் திண்ணைகளில் வாய்மொழி நினைவாகவே பெரிதும் தங்கிற்று. அக்காலத் தோட்டத்தில் காவல் நிலையத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே கங்காணியும் கிராணியும் துரையும் நின்றனர். முறையீடும் அவர்கள் வழியே சென்றது. மறுமொழியும் அவர்கள் வழியே வந்தது.

இன்று அந்நிலை இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், லுனாஸ் முதலிய ஊர்களின் தாமான்களில் குடியேறினர். சட்டமும் மாறியுள்ளது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, ஒருவர் வாய்மொழியாகத் தரும் குற்றச் செய்தியைக் காவல் நிலையத்தார் எழுத்தில் வடிக்க வேண்டும். அதனை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் கையொப்பமிட வேண்டும். காவல்துறையைச் சீர்செய்ய முன்னாள் தலைமை நீதிபதி முகமது ஜைடின் தலைமையில் 2004இல் அமைந்த அரச ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 107ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாயின், புகார் கொடுத்து நான்கு வாரம் கழிந்த பின், விசாரணை எந்நிலையில் உள்ளது என்று புகார் கொடுத்தவர் கேட்கலாம். நிலையத் தலைவர் இரண்டு வாரத்துக்குள் மறுமொழி தரவேண்டும். தராவிடில் அரசு வழக்குரைஞரிடம் முறையிடலாம். விசாரணைக்கு ஊறு விளைப்பதை மட்டும் அவர் வெளியிட வேண்டியதில்லை. காவலரின் ஒழுக்கத்தைப் பற்றிய புகார்களை ஆராயத் தனி ஆணையம் ஒன்றும் 2023 சூலை முதல் செயற்படுகின்றது.

பாண்டியனின் வாயில் மணியைப் போன்றதே இந்த 107ஏ பிரிவு. மணியை இழுப்பதற்குக் கை வேண்டும். எடுத்துக்காட்டாக, சங்கிலியைப் பறிகொடுத்த மூதாட்டி ஒருவர் புகார் கொடுக்கச் செல்கின்றார் எனக் கொள்வோம். தேசிய மொழியில் எழுதப்பட்ட தம் புகாரைப் படித்துக் காட்டுமாறு கேட்கலாம் என்பதை அவர் அறியார். புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் குறித்துவைப்பதில்லை. நாலு வாரம் கழித்து மீண்டும் சென்று கேட்பதுமில்லை. 'போலீஸ் ஒன்றும் செய்யாது' என்னும் பேச்சு மட்டும் தாமான் முழுதும் பரவுகின்றது. தொலைபேசிகளில் யாரோ ஓர் இளைஞனின் படம், கள்வன் என்னும் பெயரோடு, ஊரெல்லாம் சுற்றுகின்றது. பொற்கொல்லனின் வேலையை ஊராரே செய்துவிடுகின்றனர். தெரிவிப்பார் வாயடைத்தால் வதந்தி வாய்திறக்கும் என்பதைக் காவலரும் உணர்தல் வேண்டும். புலனாய்வின் மறைபொருளைக் காத்தல் வேறு. பறிகொடுத்தவரைக் காத்திருக்க வைத்துப் பேசாதிருத்தல் வேறு. முன்னது கடமை, பின்னது கடமை தவறல்.

தமிழாசிரியர்க்கு இதில் பெரும்பங்கு உண்டு. சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கையில் உவமை நலத்தோடும் ஊழ்வினையோடும் நின்றுவிடாமல், எப்படியில் எவ்வினாவைக் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான் என்று மாணவரைச் சிந்திக்கச் செய்யலாம். நாள், நேரம், இடம், கண்டது, கேட்டது ஆகியவற்றைப் பிரித்து எழுதும் பயிற்சியைக் கட்டுரை வகுப்பில் தரலாம். கண்டதையும் கேட்டதையும் கலவாமல் எழுதத் தெரிந்த பிள்ளை நல்ல சான்றாளன் ஆவான்; பாட்டியின் புகாருக்குத் துணைநின்று படித்துக் காட்டவும் வல்லவன் ஆவான்.

கண்ணகிக்கு வாய்த்த வன்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஒரு சிலம்பை உடைத்து உண்மையை நிறுவ ஒரு பெண் தன் வாழ்வையே இழக்க வேண்டியிருந்தது; ஒரு நகரமும் எரிந்தது. கேட்கத் தெரிந்த குடியும், தேர்ந்து தெரிவிக்கும் காவலும் அமைந்த ஊரில் எவரும் நீதிக்காக நகரை எரிக்க வேண்டியதில்லை. கதிரவனைக் கேட்க வேண்டியதும் இல்லை. காவல் நிலையத்தைக் கேட்டாலே போதும்.