ஆர்ச்சர் சி6: போர்ட் ஃபார்வர்டிங் பக்கம் கேட்காத கேள்வி

டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டரின் வைஃபை வேகம் பற்றியும் சிக்னல் எட்டும் தூரம் பற்றியும் நிறையவே எழுதியாகிவிட்டது. இங்கே அதன் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீட்டு சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க நினைப்பவரும், வீட்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் கோப்பை அலுவலகத்தில் திறக்க நினைப்பவரும் கடைசியில் வந்து சேரும் இடம் அது. சொன்ன வேலையை அந்தப் பக்கம் பிசகில்லாமல் செய்கிறது. ஆனால், கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுகிறது. அதனால், பெரும்பாலான வீடுகளில் அந்தப் பக்கம் காலியாக இருப்பதே நல்லது என்பது என் முடிவு.

முதலில் அதன் நிறைகள். பிரவுசரில் 192.168.0.1 என்று தட்டி உள்ளே போய், அட்வான்ஸ்டு மெனுவில் நாட் ஃபார்வர்டிங்கைத் திறந்தால் ஒரு சிறிய படிவம் வரும். சேவையின் பெயர், வெளிப் போர்ட், வீட்டுக்குள் இருக்கும் சாதனத்தின் ஐபி, உள் போர்ட், டிசிபியா யுடிபியா என்ற தேர்வு, அவ்வளவுதான். சேமித்ததும் விதி வேலை செய்யத் தொடங்கிவிடும். சிசிடிவியைப் பதிவு செய்யும் டிவிஆர் 192.168.0.50-இல் இருந்தால், அதே முகவரி அதற்கே நிலைத்திருக்குமாறு டிஎச்சிபி பக்கத்தில் முன்பதிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால், ஒருமுறை மின்சாரம் போய் வந்த பிறகு அந்த எண் யாருடைய செல்போனுக்காவது போய்விடலாம். விதியும் அந்தப் போனையே காட்டிக்கொண்டிருக்கும்.

படிவம் சொல்லாமல் விடும் ஒரு விஷயமும் உண்டு. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். அவை போதாததால், பல இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. இதற்கென்றே 2012-இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான வரிசை ஒதுக்கப்பட்டது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இணைய முகவரி இந்த வரிசையில் இருந்தால், எத்தனை விதி எழுதினாலும் வெளியிலிருந்து ஒரு இணைப்பும் உள்ளே வராது. ஆனாலும் படிவம் விதியை ஏற்றுக்கொள்கிறது; எச்சரிக்கை ஏதும் தருவதில்லை. நேரம் வீணாகாமல் இருக்க, முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

பெரிய குறை வேறு. எந்தச் சாதனத்துக்கு, எந்தப் போர்ட்டுக்கு என்று கேட்கும் படிவம், யார் வரலாம் என்று கேட்பதில்லை. திறந்த போர்ட் வீட்டுக்காரருக்கு மட்டும் திறப்பதில்லை, உலகத்துக்கே திறக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளை முயன்று பார்த்தே அவற்றைப் பெரும் படையாகத் திரட்டியது. வலுவான பாஸ்வேர்டு போதுமே என்று கேட்கலாம். சாதனத்தின் மென்பொருளிலேயே ஓட்டை இருந்தால் பாஸ்வேர்டைத் தாண்டியே நுழைந்துவிடலாம். கோப்புச் சேமிப்புப் பெட்டிகளைத் தயாரிக்கும் க்யூநாப் நிறுவனமே, பணம் பறிக்கும் தாக்குதல்களை அடுத்து, 2022 ஜனவரியில் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை அணைக்கச் சொல்லித் தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க முடியாது என்பதும் நிற்காத வாதம். ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் ஐபிவி4 இணையம் முழுவதிலும் ஒரு போர்ட்டைத் தேடிவிட முடியும் என்று 2013-இல் வெளியான இசட்மேப் கருவி காட்டியது. இருப்பதோ 65,535 போர்ட்டுகள்தான். எண்ணை மாற்றுவது வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றி வைப்பது போலத்தான். கதவு திறந்தேதான் இருக்கும்.

விடுபட்ட அந்தக் கேள்விக்குப் பதில் இதே ரவுட்டரின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. விபிஎன் சர்வரில் ஓபன்விபிஎன்னைத் தேர்ந்து, சான்றிதழை உருவாக்கி, 1194 யுடிபி என்று வைத்து, கிடைக்கும் கோப்பைப் போனில் ஏற்றிக்கொண்டால் போதும். அந்தக் கோப்பு உள்ள போனுக்கு மட்டுமே வழி திறக்கும். உள்ளே வந்த பிறகு கேமரா, ஹார்டு டிஸ்க், பிரிண்டர் எல்லாமே வீட்டில் இருந்தபடி பார்ப்பது போலக் கிடைக்கும். போர்ட் ஃபார்வர்டிங்கில் ஒரு விதிகூடத் தேவையில்லை. வேகம் குறையும் என்பது உண்மைதான். ஆனால், கேமராவைப் பார்க்கவும் கோப்பு எடுக்கவும் அது தாராளம். பகிர்ந்த முகவரியில் சிக்கியவர்களுக்கு இந்த வழியும் அடைபடும். அவர்கள் இருபுறமிருந்தும் வெளியே இணைந்து சந்திக்கும் டெய்ல்ஸ்கேல் போன்ற சேவைகளை நாடலாம், அல்லது நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்கலாம்.

போர்ட் ஃபார்வர்டிங் அறவே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். முன்பின் தெரியாதவர்களும் வந்து ஆடும் கேம் சர்வருக்கும், எல்லோருக்குமான இணையதளத்துக்கும் அதுவே சரியான கருவி. அங்கே யார் வரலாம் என்ற கேள்விக்குப் பதிலே 'எவரும்' என்பதுதான். மற்ற வீடுகளில், மெனுவைத் திறந்து பழைய விதிகளை அழித்துவிடுங்கள். சாதனங்கள் நம்மைக் கேட்காமலே போர்ட் திறந்துகொள்ள வழிவிடும் யுபிஎன்பியையும் அதே மெனுவில் அணைத்துவிடுங்கள். யார் வரலாம் என்று கேட்கும் ஒரு கட்டத்தை டிபி-லிங்க் படிவத்தில் சேர்க்கும் நாளில் இந்த மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளலாம்.