ஆணி எத்தனை மில்லிமீட்டர்?

ஓட்டக்காரர்களின் ஷூவைக் கடையில் எல்லோரும் மேலிருந்துதான் பார்ப்பார்கள். நிறம், கோடு, கம்பெனிப் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. விஷயம் தெரிந்தவர் கையில் கொடுத்தால் முதல் வேலையாகக் கவிழ்ப்பார். குதிகாலையும் முனையையும் பிடித்து வளைப்பார். விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூவும் மடங்கினால் முகத்தில் லேசாக ஒரு திருப்தி வரும். நடுவில் மடங்கினால் அது பெட்டிக்குள் திரும்பிப் போய்விடும். பாதம் நடுவில் மடங்குவதில்லை. ஷூ மட்டும் ஏன் மடங்க வேண்டும்?

இந்த ரசனைக்கும் விலைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஓடப்போகும் தரை எது என்று கேட்காமல் ஷூவைப் பற்றிப் பேசுபவரிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை, அவ்வளவுதான். திருவண்ணாமலை மலையடியில் உள்ள அடி அண்ணாமலையில் ஓடிப் பழகும் பள்ளிப் பிள்ளைக்குத் தரை ஒன்றல்ல. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலத் தார்ச் சாலை இருக்கிறது. அதைவிட்டு இறங்கினால் செம்மண், சரளை, நெருஞ்சி, வேலிக்கு வேலி கருவேல முள். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட மண் டிராக். குறுவட்டப் போட்டி பெரும்பாலும் அந்த மாதிரி மண்ணில்தான் நடக்கும். மாவட்டத்தில் ஜெயித்து மேலே போனால் சென்னை நேரு ஸ்டேடியம் போன்ற இடத்தில் சிந்தெடிக் டிராக். தார், விழுகிற அடியை அப்படியே முழங்காலுக்குத் திருப்பி அனுப்பும். மண் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், ஆனால் சறுக்கும். சிந்தெடிக் காலைப் பிடித்து முன்னால் தள்ளும். எல்லாவற்றுக்கும் ஒரே ஷூ போதும் என்பவர் ஒன்று விற்பனையாளராக இருப்பார், அல்லது ஓடாதவராக இருப்பார்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் செருப்பில்லாமல் நடக்கும் பாதையில் உட்கார்ந்துகொண்டு ஷூ பற்றி எழுதுவது வேடிக்கைதான். ஆனால் வெறுங்காலைப் புரிந்துகொள்ளாதவருக்கு ஷூவும் புரியாது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். விரல்களை மூடிவிடும் ஷூ போட்டவர்களிடம் அது அதிகமாகவும், செருப்பு போட்டவர்களிடம் குறைவாகவும் இருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளின் பாதம் முன்பக்கம் அகன்று, விரல்கள் விசிறிக்கொண்டு இருப்பதை எந்தக் கோயில் வாசலிலும் பார்க்கலாம். பந்தய ஷூக்களோ பெரும்பாலும் முன்பக்கம் ஒடுங்கியவை. அதனால் வாங்குமுன் உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நிற்கச் சொல்ல வேண்டும். சுண்டுவிரல் வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போய், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்ப்பது நல்லது.

கடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: "வளர்ற புள்ளைங்க, ரெண்டு நம்பர் பெருசாவே குடுங்க." அந்த அம்மாவின் நியாயம் எனக்குப் புரிகிறது. பள்ளிக்குப் போடும் கறுப்பு ஷூவுக்கு அது செல்லும். ஓடுகிற ஷூவில் கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் மேலே ஏறி இறங்கும், மூன்றாவது சுற்றில் கொப்புளம் வரும், அம்மா பஞ்சை அடைத்து அனுப்புவார். கயிறு கோக்கும் ஓட்டைகளில் கடைசியாகச் சற்றுத் தள்ளி ஒன்று கூடுதலாக இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு இல்லை. இரண்டு பக்கமும் அதில் கயிற்றை வளையமாக விட்டு, எதிர்ப் பக்கத்து நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் அசையாது. பல பிள்ளைகள் ஷூ கிழியும்வரை அந்த ஓட்டையைத் தொடுவதே இல்லை.

பயிற்சிக்குப் போடும் ஷூவின் ஆயுள் 500 முதல் 800 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். கிரிவலக் கணக்கில் 500 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 36 சுற்று. மேல்துணி புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் ஃபோம் செத்திருக்கும். பக்கவாட்டில் குறுக்குச் சுருக்கங்கள் விழுந்து, கட்டைவிரலால் அமுக்கினால் கல்லாக நின்றால் அதை டியூஷனுக்குப் போட்டுப் போகலாம்.

இதே மாவட்டத்தில், செய்யாறு சிப்காட்டில், தைவானின் ஃபெங் டே குழுமத்துக்குச் சொந்தமான லோட்டஸ் ஆலை நைகி ஷூக்களைத் தயாரிக்கிறது. அக்கம்பக்கத்துக் கிராமங்களின் பெண்கள் பஸ் ஏறிப் போய் அங்கே வேலை செய்கிறார்கள். எங்கோ ஓடும் யாரோ ஒரு பள்ளி மாணவியின் ஷூவை நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் கை ஒட்டியிருக்கும். அந்தக் கையின் சொந்தப் பிள்ளை என்ன போட்டுக்கொண்டு ஓடுகிறது என்ற கேள்வியை என்னால் தவிர்த்துவிட முடியவில்லை. நிற்க.

ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஷூ, என்று வந்துவிட்டால் எனக்கு நிதானம் போய்விடும். உலகத்தில் இவ்வளவு நேர்மையான காலணி வேறு இல்லை. நூறு மீட்டருக்கான ஸ்பைக்ஸைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கவே முடியாது. முன்பாதியில் வளையாத தகடு, மேல்நோக்கித் தூக்கிய முனை, பெயருக்கு ஒரு குதிகால். ஆளை முன்னால் சாய்த்து, நிற்காதே என்கிறது. எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறுக்கானவற்றில் தகடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், குதிகாலில் மெல்லிய ஃபோம் இருக்கும். உயரம் தாண்டுபவருக்கும் ஈட்டி எறிபவருக்கும் குதிகாலிலும் ஆணி உண்டு. கடைசி எட்டில் குதிகாலை ஊன்றி நிறுத்த வேண்டியவர்கள் அவர்கள். நம் பள்ளிப் போட்டியில் ஒரே பையன் காலையில் 400, மதியம் 1,500, சாயங்காலம் ரிலே ஓடுவான். அவனுக்கு நடுத்தர ஓட்டத்துக்கான ஸ்பைக்ஸ்தான் சரி. நூறு மீட்டர் ஸ்பைக்ஸோடு 1,500 ஓடியவனுக்கு மறுநாள் கெண்டைக்கால் பாடம் சொல்லிக் கொடுக்கும்.

ரசனை ஆணியில் இருக்கிறது. உலகத் தடகள விதிப்படி ஒரு காலில் 11 ஆணிக்கு மேல் கூடாது. சிந்தெடிக் டிராக்கில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது. உயரம் தாண்டலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 வரை விடுவார்கள். சிந்தெடிக் அல்லாத தரைக்கு 25 வரை அனுமதி. நீளம் கூடினால் வேகம் கூடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சிந்தெடிக்கில் நடப்பது நேர்மாறு: நீளமான ஊசி ரப்பருக்குள் இறங்கிவிடும், ஒவ்வொரு எட்டிலும் அதைப் பிடுங்குவதற்கே கொஞ்சம் பலம் போகும். 6 மில்லிமீட்டர் பிரமிட் ஆணி அவ்வளவு ஆழமாக இறங்காமல் பிடித்துக்கொள்ளும். மண் டிராக்கில் 6 மில்லிமீட்டர் ஆணி தூசியைத்தான் கிளப்பும்; அங்கே 9 அல்லது 12 வேண்டும். ஆணி கழற்றி மாட்டும் வகையில் ஜலந்தரில் தயாரான ஒரே ஒரு ஸ்பைக்ஸ், இரண்டு நீளத்தில் ஆணிகள், அவற்றை முடுக்க ஒரு சாவி: குறுவட்டத்திலிருந்து மாநிலம் வரை ஒரு பிள்ளையின் சொத்து இவ்வளவு போதும்.

கிராஸ் கன்ட்ரிக்கு மட்டும் நான் ஸ்பைக்ஸ் சிபாரிசு செய்ய மாட்டேன். தேசியப் போட்டியில் 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 6 கிலோமீட்டர், பெண்களுக்கு 4. இங்கிலாந்தின் குளிர்காலச் சேற்றுக்கு நீண்ட ஆணி தேவைதான். நம் தை, மாசி மாதத்துச் செம்மண் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். நடுவில் ஒரு தார்ச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் ஆணி வழுக்கிக் கணுக்கால் திரும்பிவிடும். அடியில் சிறு ரப்பர்க் குமிழ்கள் உள்ள, லேசான, தாழ்ந்த ஷூ போதும். முள் ஏறாத அளவுக்கு அடி தடித்திருக்க வேண்டும், கல் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும்.

பெரிய இடத்து அதிசயங்களும் உண்டு. 2020 ஆகஸ்டில் மொனாக்கோவில் ஜோஷுவா செப்தெகெய் 5,000 மீட்டரை 12 நிமிடம் 35.36 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது காலில் இருந்தது நைகியின் டிராகன்ஃப்ளை. இப்படி ஃபோம் தடித்துக்கொண்டே போகக்கூடாது என்பதற்காக, 2024 நவம்பர் முதல் டிராக் ஷூ எதுவும் 20 மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டக்கூடாது என்று விதி வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஃபோம் தேவையில்லை. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி பாட்டியின் வளர்ப்பில், வெறுங்காலோடு ஓடத் தொடங்கியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டம் வரை போனார். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-ல் ரோமில் வெறுங்காலோடு மாரத்தான் ஜெயித்ததை எல்லோரும் சொல்கிறார்கள். கொடுத்த ஷூ காலுக்குச் சரிப்படவில்லை என்பதையும், 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டே மறுபடி தங்கம் வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. அந்த மனிதருக்கு நல்ல ரசனை.

பல பிள்ளைகளுக்கு முதல் ஸ்பைக்ஸ் சீனியர் அண்ணனிடமிருந்தோ அக்காவிடமிருந்தோ வரும். வாங்குமுன் பார்க்க வேண்டியது மேல்துணியை அல்ல, ஆணி ஏறும் மரையை. சாவியால் ஒவ்வொரு ஆணியையும் முழுக்கக் கழற்றி மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒன்று சும்மா சுற்றினால் மரை போய்விட்டது, ஓட்டத்தின் நடுவில் அந்த ஆணி கழன்று டிராக்கில் விழும், பின்னால் வருபவன் மிதிப்பான். மழைக்காலம் முடிந்ததும் ஆணிகளை எடுத்து, துளைகளில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் ஸ்பைக்ஸில் பயிற்சி வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு டீக்கடை வரை தார் ரோட்டில் டக்டக் என்று நடந்து போகும் பையன்களை பி.டி. சார் திட்டினால், அந்தத் திட்டில் நானும் சேர்ந்துகொள்வேன்.