படைப்புக் கதைகளும் ஹெர்மன் குங்கலும்: ஓர் ஆய்வு மரபின் அளவுகோல்கள்

நினிவேயில் அசூர்பனிபால் மன்னனின் நூலகத்தில் கிடைத்த களிமண் பலகைகளைப் படித்து, பாபிலோனியப் படைப்புக் கதையை ஜார்ஜ் ஸ்மித் 1876-இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் விவிலியத்தின் தொடக்கநூலுக்கு உரை எழுத வந்த எவரும் அந்தப் பலகைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. பதில் சொன்னவர்களில் ஆய்வின் போக்கையே மாற்றியவர் ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் குங்கல் (1862–1932).

அவர் ஆய்வுலகில் நுழைந்தபோது கோலோச்சியது யூலியுஸ் வெல்ஹவுசனின் மூல ஆய்வுப் பள்ளி. ஏழு நாள் படைப்பைச் சொல்லும் முதல் அதிகாரம் குருக்கள் மரபு, ஏதேன் தோட்டக் கதை அதற்கு முந்திய யாவே மரபு என்று அது காலம் குறித்தது. குங்கல் இப்பகுப்பை ஏற்றார். ஆனால் ஏட்டின் வயது வேறு, கதையின் வயது வேறு என்றார். அசீரியவியல் அறிஞர் ஹைன்ரிக் சிம்மெர்னின் துணையோடு 1895-இல் வெளியிட்ட நூலில், தொடக்கநூலின் ஆழ்நீர் முதல் திருவெளிப்பாடு 12-இன் அரக்கப் பாம்பு வரை ஒரே பழங்கதையின் தடத்தைத் தேடினார். இது பழம்பொருள் ஆர்வமே என்று வெல்ஹவுசன் ஒதுக்கினார். குங்கல் தளரவில்லை. 1901-இல் வந்த அவருடைய தொடக்கநூல் உரை, ஒவ்வொரு கதையும் எவ்வகையைச் சேர்ந்தது, எந்தச் சூழலில் வழங்கியது என்று கேட்டது. வடிவ ஆய்வுப் பள்ளிக்கு அதுவே அடித்தளம்.

பாபிலோனியக் கதையையும் தொடக்கநூல் கதையையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பாபிலோனியக் காவியத்தில் மர்துக் என்னும் கடவுள் கடல்தேவி தியாமத்தைக் கொன்று, காயவைக்கும் மீனைப் போல் அவள் உடலை இரண்டாகப் பிளக்கிறான். ஒரு பாதியை வானமாக்கி, நீர் கசியாதபடி காவல் வைக்கிறான். தொடக்கநூலிலும் நீர் மேலும் கீழுமாகப் பிரிகிறது. ஆனால் அங்கே போர் இல்லை, பகைவரும் இல்லை. கடவுளின் சொல் போதுமானதாக இருக்கிறது. ஒற்றுமையை மட்டும் கண்டவர்கள் வழி தவறினார்கள். 1902-இல் பிரீட்ரிக் டெலிட்ஷ் ஜெர்மன் பேரரசரின் முன்னிலையில் ஆற்றிய உரை, பாபிலோனை உயர்த்தி இஸ்ரயேலைத் தாழ்த்தும் போக்குக்கு வழிகோலியது. பாபிலோனியத் தாக்கத்தை முன்பே வற்புறுத்திய குங்கலே 1903-இல் அப்போக்கை மறுத்து, இஸ்ரயேலின் தனித்தன்மையை எடுத்துரைத்தார்.

1929-இல் சிரியாவின் ராஸ் ஷாம்ராவில் அகழாய்வு தொடங்கியது. அங்கே வெளிப்பட்ட உகாரித்துப் பலகைகள், கடலை வெல்லும் பாகால் என்னும் கடவுளையும் ஏழுதலை நாகத்தையும் காட்டின. திருப்பாடல் 74-இன் கடல் அரக்கன் லிவியத்தானுக்கு உறவு பாபிலோனில் அல்ல, கானானில் என்று ஜான் டே 1985-இல் வாதிட்டார். பாபிலோனியக் காவியம் அந்நாட்டின் பொது நம்பிக்கையைக் காட்டும் சான்றாகாது என்று டபிள்யூ. ஜி. லம்பர்ட் 1965-இலேயே எச்சரித்திருந்தார். கிளவுஸ் வெஸ்டர்மன் தம் பேருரையில் தொடக்கநூலை உலகெங்குமுள்ள படைப்புக் கதைகளோடு ஒப்பிட்டார்.

இவற்றால் குங்கலின் முடிவுகள் பல தளர்ந்தன. அவர் வகுத்த நெறி தளரவில்லை. பழங்கதையை அதன் நாட்டிலும் காலத்திலும் வைத்துப் படிக்க வேண்டும். ஒற்றுமைக்குக் காட்டும் கவனத்தை வேற்றுமைக்கும் காட்ட வேண்டும். புதிய பலகை கிடைத்தால் பழைய முடிவைத் திருத்தத் தயங்கக் கூடாது. இம்மூன்றையும் கடைப்பிடிப்பவரே, அவரோடு எவ்வளவு முரண்பட்டாலும், அவருடைய உண்மையான மாணவர். நம் இறையியல் கல்லூரிகளில் தொடக்கநூலைப் பயிற்றுவிப்போர் முதலில் கற்பிக்க வேண்டியதும் இந்நெறியைத்தான்.