துர்கனேவும் ஜார் மன்னரும்

ஒரு நூல் தேசத்தை மாற்றிவிடும் என்று மேடையில் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் துர்கனேவின் ஞாபகம் வரும். 1852-ல் ருஷ்யாவில் அவருடைய 'வேட்டைக்காரனின் குறிப்புகள்' நூலாக வெளிவந்தது. பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்று அதில் அவர் வாதாடவில்லை. சாராயக் கடையில் பாட்டுப் போட்டி வைத்து, கேட்டுக் கண் கலங்குகிற குடியானவர்களைக் காட்டினார், அவ்வளவுதான். அதை அச்சிட அனுமதித்த தணிக்கை அதிகாரிக்கு வேலை போயிற்று.

இரண்டாம் அலெக்ஸாண்டரின் மனத்தை அந்த நூல் தொட்டது என்பார்கள். 1861-ல் அவர் 2 கோடிக்கு மேற்பட்டவர்களை விடுவித்தார். ஆனால், பெற்ற நிலத்துக்காக 49 வருஷம் தவணை கட்டும்படி செய்ததும் அவருடைய சட்டம்தான். நாவலாசிரியர் மனிதனைக் காட்டினார். சட்டம் வகுத்தவர்கள் கடனாளியைக் கண்டார்கள். நூல் பாதி தூரம்தான் கொண்டுபோகும் என்று எனக்குத் தோன்றுகிறது. மீதியை நடக்க வேண்டியவர்கள் தலைவர்கள்.